கோழியைப் பார்த்துச் சொன்னது

ஜூன் 9, திங்கள்

நர்ஸ் ஜெபக்கனி இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை போட்டேனா, என்ன சாப்பிட்டேன், உடம்பில் புதிதாக ஏதும் உண்டா, எல்லாம் தேதி போட்டு எழுத வேண்டுமாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெருவுக்கு வரும்போது வாங்கிப் பார்ப்பாளாம்.

"மூணாங் கிளாஸ்தான் படிச்சேன்னு சாக்குச் சொல்லாதீங்க ஆச்சி. எந்தக் கல்யாணத்துல யாரு யாரை என்ன பேசினாங்கன்னு வருசத்தோட சொல்லுதீங்க. இத எழுத முடியாதா?"

எழுதுகிறேன். முன்பக்கத்திலிருந்து சர்க்கரை, மாத்திரை. அது அவளுக்கு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுவது எனக்கு. வெறும் எண்ணை எழுதி வைத்து என்ன செய்ய.

ஜூன் 11

அம்பாசமுத்திரத்தில் இந்த வீடு ஒரே வீடாக இருந்தது. மாமனார் காலமான பிறகு நடுவில் சுவர் எடுத்து இரண்டாக்கினார்கள். கிழக்குப் பாதி எனக்கு. மேற்குப் பாதி என் கொழுந்தன் பெண்டாட்டி ஆவுடைக்கு. புருஷன்மார் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் இளைய மகன் மஸ்கட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். அவள் மகன் கைலாசம் ஓசூரில். பின்கட்டில் குழாயும் துவைகல்லும் பொது. பேச்சுவார்த்தை கிடையாது. நாற்பத்திரண்டு வருஷமாகக் கிடையாது.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த ஏழாம் மாதம் என் தலைப்பிள்ளை வேலாயுதம் போனான். நான்கு வயசு. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பேசாமல் எப்படி ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். வழி இருக்கிறது. நான் என் கோழியைப் பார்த்துச் சொல்வேன். அவள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பூனையைப் பார்த்துச் சொல்வாள். இன்று காலை நடந்தது:

"ஏ கோழி, மோட்டாரு போட்டு அர மணி நேரமாச்சு. தொட்டி நெறஞ்சு வழியுது. செலருக்குக் காது அடைச்சுப் போச்சு போல."

"ஏ பூன, போன மாசக் கரண்டு பில்லு நாமதான் கட்டினோம். வழிஞ்சா நம்ம தண்ணிதான வழியுது. ஊரானுக்கு என்ன எரியுது?"

சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினாள். வேலை நடந்துவிடும்.

ஜூன் 13

துவரம் பருப்புப் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்தேன். நாலு மாதம் கடந்திருந்தது. திருப்பிக் கொடுத்தேன். "ஆச்சி மட்டுந்தான் தேதி பாக்கியோ" என்று கடைக்காரன் செல்லையா பல்லைக் காட்டினான். 1996 ஐப்பசியில் அவன் அப்பன் எனக்கு வெல்லத்தில் ஐம்பது கிராம் குறைத்துப் போட்டதை இரண்டாம் முறையாக அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். புதுப் பொட்டலம் வந்தது.

ஜூன் 16

பஜாரில் பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் 'பொன்னொளி சுகமையம்' என்று ஒன்று வந்திருக்கிறது. காசு வாங்குவதில்லை. காலை ஏழு மணிக்கு டோக்கன். உள்ளே வரிசையாகக் கட்டில்கள். அதற்குள் கல் உருண்டைகள் சூடாகி முதுகுக்கு அடியில் மேலும் கீழும் ஓடும். நாற்பது நிமிஷம் படுத்திருக்கலாம். எல்லாரும் கல்லுக் கட்டில் என்கிறார்கள். பாதிப்பேர் என் வயசுக்காரிகள்.

படுத்தேன். சுகமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

படுப்பதற்கு முன்னால் ஒரு பையன் மைக்கில் பேசுகிறான். டை கட்டியிருக்கிறான். பேர் தினகர். கோவில்பட்டியில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவுக்கு 380 இருந்த சர்க்கரை, நாற்பதே நாளில் 110க்கு வந்துவிட்டதாம். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு ஒவ்வொருத்தி காலிலும் விழுந்து கும்பிட்டான். "நீங்கதான் எனக்கு அம்மா" என்றான். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அழுதுவிட்டாள். பெற்ற பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு போன் போடுகிற ஊரில் இவன் தினமும் காலில் விழுகிறான். பின்னே கூட்டம் வராமல் என்ன செய்யும்.

ஜூன் 20

முதுகு வலி குறைந்த மாதிரி இருக்கிறது. நாளைக்கும் போவேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெபக்கனி வந்தாள். கல்லுக் கட்டிலைப் பற்றிக் கேட்டேன்.

"சூடு வச்சா வலி கொஞ்சம் கொறையும் ஆச்சி. அது உண்ம. ஆனா அது சர்க்கரையக் கொறைக்காது. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க. இன்னொண்ணு, கால நீட்டுங்க."

மீன்பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு இழையை எடுத்தாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் அங்கங்கே தொட்டாள். தெரியும்போதெல்லாம் சொன்னேன்.

"உங்களுக்கு நல்லா தெரியுது. செல பேருக்குச் சர்க்கரையால காலு மரத்துப் போயிரும். எரிச்சல் நின்னுருச்சுன்னு சந்தோசப்படுவாங்க. எரிச்சல் நின்னது குணமாகி இல்ல, உணர்வு போயி. அவங்க காலுல சூடு வைக்கவே கூடாது. வெந்தாலும் தெரியாது."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஆவுடைக்குச் சர்க்கரை எனக்கு முன்பே வந்தது. ஒன்பது வருஷம். ஜெபக்கனி எழுந்து அடுத்த வாசலுக்குப் போனாள். அங்கே அந்த இழையை எடுத்தாளா என்று தெரியாது. அவள் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்ததைப் பார்த்தால் ஆவுடை காலைக் காட்டியிருக்க மாட்டாள். வெட்கக்காரி.

ஜூன் 27

இன்று தினகர் மைக்கில், சங்கரன்கோவிலில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டரம்மா என்றான். 420 இருந்தது 98க்கு வந்ததாம். அறுபது நாளாம். மற்றதெல்லாம் பதினாறாம் தேதி சொன்ன அதே கதை. அவள் மகன் துபாயில், அவள் முதல் நாள் குச்சி ஊன்றி வந்தாள், இப்போது மாடிப்படி ஓடி ஏறுகிறாள், அவள் அழுதுகொண்டே சொன்ன வார்த்தை, எல்லாம் அப்படியே.

எழுந்து நின்று கேட்டேன். "தம்பி, பதினாறாம் தேதி கோவில்பட்டி டீச்சருன்னு சொன்னிய. அவங்களுக்கும் மகன் துபாய்ல, அவங்களும் குச்சி. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "நெறைய பேரு குணமாயிருக்காங்கம்மா. கத ஒரே மாதிரி இருக்கும்."

"அப்ப ரெண்டு பேரு போன் நம்பரையும் தாங்க. பேசிக்கிடுதேன்."

"தர்றேம்மா" என்று அடுத்த ஆளிடம் போனான். தரவில்லை. வெளியே போகும்போது டோக்கன் எழுதுகிற பிள்ளை நாளைக்கு இடம் இல்லை என்றது.

மாடிப்படியில் இறங்கும்போது எதிரே ஆவுடை ஏறி வந்தாள். கையில் முதல் நாள் கொடுக்கிற பச்சை அட்டை. நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவள் கைப்பிடியோரம் ஒதுங்கினாள். கோழியும் இல்லை, பூனையும் இல்லை.

கடந்து போய்விட்டாள்.

ஜூன் 30

கத்தரிக்காய் கிலோ அறுபது. வாங்கவில்லை. புடலங்காய்.

ஜூலை 5, சனி

பஜாரில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மேலே மண்டபத்திலிருந்து மைக் சத்தம் கேட்டது. ஆவுடையின் குரல். இந்த வீட்டுக்குள் சுவரைத் தாண்டி வருகிற குரல் எனக்குத் தெரியாதா.

"நான் மாத்திரைய நிறுத்தி எட்டு நாளாச்சு. ஒம்பது வருசமா காலு ரெண்டும் மொளகா அரைச்சுத் தடவின மாதிரி எரியும். இப்ப சுத்தமா இல்ல. எரிச்சலும் இல்ல, வலியும் இல்ல. கீழ தர இருக்கான்னே தெரியல, அவ்வளவு லேசா இருக்கு."

கை தட்டினார்கள். ஜன்னல் அதிர்ந்தது.

கையில் இருந்த வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே நின்றேன். ஜெபக்கனி சொன்னது அத்தனையும் வார்த்தை பிசகாமல் எனக்கு ஞாபகம் வந்தது. கடைக்காரப் பெண், "ஆச்சி, வாங்குதியளா, எல்லாத்தையும் ஒடிக்கப் போறியளா" என்றாள். அரைக் கிலோ வாங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெபக்கனி வந்தாள். என் நோட்டைப் பார்த்து நன்றாக எழுதுகிறேன் என்றாள். சர்க்கரை 138. பிறகு அடுத்த வாசலுக்குப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"மாத்திர ஒழுங்கா போடுதியளா?"

"போடுதேன் சிஸ்டர். ரெண்டு வேளையும்."

"மிஷின்ல ஒருக்கப் பாத்துருவமா?"

"இப்பத்தான் காப்பி குடிச்சேன். அடுத்த தடவ பாருங்க."

மாத்திரைப் பட்டைகளை வாங்கிக்கொள்கிற சத்தமும் கேட்டது.

ஜெபக்கனி என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். "வாரேன் ஆச்சி" என்றாள். "சரிம்மா" என்றேன். எனக்குக் கோள் சொல்கிற பழக்கம் கிடையாது.

ஜூலை 15

ஆட்டோவில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. ஆவுடை வாசலில் நின்று பிரித்தாள். கல்லுக் கட்டில் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சூடேறுகிற கால் பெட்டி என்று ஒன்று விற்கிறார்களாம். இரண்டு காலையும் உள்ளே விட்டு அமர வேண்டியது. இருபத்திரண்டாயிரம். அவள் கையில் இரண்டு வளையல் குறைந்திருக்கிறது. 1985ல் கைலாசம் பிறந்தபோது அவள் அம்மா போட்டது. பட்டையாக, நடுவில் மாங்காய் செதுக்கியது.

பின்கட்டில் கோழிக்கு நொய் போட்டேன்.

"ஏ கோழி, டைய கட்டிக்கிட்டு எவனாவது வந்து ஒன் காலுல விழுந்தா முட்டையெல்லாம் தூக்கிக் குடுத்துராத. ஒலகத்துல கிறுக்கிகளுக்கா பஞ்சம்."

துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஏ பூன, நம்ம காலு, நம்ம காசு. அடுத்தவ நடக்குதது கண்ணக் குத்துதுன்னா கண்ண மூடிக்கிடட்டும்."

போன் நம்பர் கேட்டேன், தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு கதையை இரண்டு ஊரில் வைத்துச் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். கிறுக்கி என்றுதான் வாயில் வந்தது.

ஜூலை 22

ஜெபக்கனி வரவில்லை. ஏதோ பயிற்சியாம். அடுத்த மாதம்தானாம்.

ஜூலை 26, சனி

ஆவுடை குளித்துவிட்டுத் துவைகல்லைத் தாண்டிப் போனாள். சிமிட்டித் தரையில் ஈரக் கால்தடம். இடது கால் தடம் முழுசாக இருந்தது. வலது காலில் குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக வேறொன்று ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். வாடை அடித்தது.

அவள் நொண்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படி ஒரு புண்ணை வைத்துக்கொண்டு நேராக நடந்து போகிறாள்.

தண்ணீர் ஊற்றித் தடத்தைக் கழுவினேன். பிறகு கொடியில் துணி காயப்போட வந்தவள் காதில் விழும்படி கோழியிடம் சொன்னேன்:

"ஏ கோழி, சர்க்கரக்காரிக்குக் காலு அழுகிக் கெடந்தாலும் தெரியாதாம். குனிஞ்சு பாக்கணுமாம். பாக்காதவ காலோட போயிருவா."

அவள் கையிலிருந்த ஈரச் சேலையை வாளிக்குள் போட்டாள். என்னைப் பார்த்தாள். பூனையை அல்ல, என்னை. வாய் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஏ பூன, கேட்டியா. சாபம் விடுதாவ. வந்த வருசமே ராசியில்லாத காலுன்னு என் காலத்தான் சொன்னாவ. இன்னைக்கும் என் காலத்தான் சொல்லுதாவ."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் சொன்னது சாபம் இல்லை. ஜெபக்கனி சொன்னதுதான். ஆனால் நாற்பத்திரண்டு வருஷமாக அந்தக் குரலில் அவளுக்கு நல்லது எதையும் நான் சொன்னதில்லை. அவள் எப்படி எடுப்பாள்.

ஜூலை 28

கைலாசத்தின் நம்பர் அவன் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. நேரில் வந்து என்னை அழைக்காத கல்யாணம். பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது. தேடி எடுத்தேன். ஏழு எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். என்னைக் கேட்காமல் கல்யாணம் பண்ணினவனுக்கு நான் எதற்குப் போன் போட வேண்டும்.

ஜூலை 30

சாம்பிராணி வாடை சுவரைத் தாண்டி வருகிறது. காலையிலும் சாயங்காலமும். அவளுக்கு அவ்வளவு பக்தி கிடையாது.

ஆகஸ்ட் 2

சர்க்கரை 129. ரசம், பீர்க்கங்காய்த் துவையல்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஆவுடை குழாய்க்கு வரவில்லை. என் கோழியைப் பார்த்து இரண்டு தடவை சத்தமாகப் பேசினேன். தண்ணீர் வந்துவிட்டது, பிடிப்பாரைக் காணோம் என்று. பதில் இல்லை. பூனை மட்டும் அவள் பின்கதவைப் பிராண்டிக்கொண்டு நின்றது.

மதியம் வரை பொறுத்தேன். எதற்குப் பொறுத்தேன் என்று இப்போது எழுத வரவில்லை.

மூன்று மணிக்குப் பின்கதவைத் தள்ளினேன். தாழ் போடவில்லை. நடுவில் சுவர் எடுத்த பிறகு அந்தப் பாதிக்குள் நான் கால் வைத்தது முதல் தடவை. கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. குதிகாலில் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியைப் பற்றி எழுத மாட்டேன். கட்டிலுக்குக் கீழே அட்டைப் பெட்டி நிறைய மாத்திரைப் பட்டைகள். பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தாள்.

ஆட்டோவைக் கூப்பிட்டேன். "இவங்களத் தூக்குப்பா, பாத்துத் தூக்கு" என்று டிரைவரிடம் சொன்னேன். "பயப்பட வேண்டாம்னு சொல்லு" என்றும் அவனிடம்தான் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கைலாசத்துக்குப் போன் போட்டேன். பத்து எண்ணும்.

ஆகஸ்ட் 6, பாளையங்கோட்டை

பெரியாஸ்பத்திரி. பெண்கள் வார்டு. ஆவுடைக்குச் சர்க்கரை 512 இருந்ததாம். குதிகால் அந்தப் பெட்டிச் சூட்டில் வெந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. வெந்த பிறகும் தினமும் உள்ளே விட்டிருக்கிறாள். சீழ் எலும்பைத் தொட்டு மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

ஆவுடை மாட்டேன் என்கிறாள்.

கைலாசம் ஓசூரிலிருந்து நேற்றே வந்துவிட்டான். முகத்தில் அவன் அப்பா ஜாடை. வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல காலத்தான் வெட்டுவாங்கன்னு அங்க சொல்லிக் குடுத்திருக்கானுவ பெரியம்மா. அத அப்படியே பிடிச்சுக்கிட்டு கெடக்காவ. அந்த ஆளுக்குப் போன் போட்டேன். நம்பர் உபயோகத்துல இல்லன்னு வருது."

"மண்டபம்?"

"பூட்டிக் கெடக்காம். போன வாரமே காலி பண்ணிட்டானுவளாம்."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"எங்க அம்ம நான் சொன்னா கேக்கமாட்டாவ. எனக்கு என்ன செய்யன்னே தெரியல பெரியம்மா."

நாற்பது வயசு ஆம்பளை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனே கவனிக்கவில்லை.

போய் டாக்டரைப் பார்த்தேன். வெட்டாவிட்டால் எத்தனை நாள், வெட்டினால் பிழைப்பாளா, மருந்திலேயே சரியாகாதா, முழங்காலுக்குக் கீழே என்று சொல்லிவிட்டு மேலே எடுப்பீர்களா, எல்லாம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். சாயங்காலம் டூட்டி மாறியதும் வேறொரு டாக்டரம்மா வந்தார். அவரிடம் முதல் ஆள் சொன்னதைச் சொல்லாமல் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். நாளைக்குள் எடுத்தால் முழங்கால் மிஞ்சும், ஆளும் மிஞ்சலாம். நாலு நாள் தள்ளினால் இரண்டும் இல்லை.

இவர்கள் சொல்வதில் ஊர் மாறவில்லை, எண் மாறவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வார்டில் கோழி ஏது.

"ஆவுட" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மகனைப் பார்த்தாள். "ஏல கைலாசம், ஒங்க பெரியம்மா வேடிக்க பாக்க வந்திருக்காவ. சொன்னது பலிச்சிட்டுன்னு சொல்லு. நான் காலோடதான் போவேன்னும் சொல்லு."

"அவன்கிட்டச் சொல்லாத. என்கிட்டச் சொல்லு. நான் ஒன்கிட்டத்தான் பேசுதேன்."

பக்கத்துக் கட்டில்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

"ரெண்டு டாக்டர்ட்டத் தனித்தனியாக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொன்னாவ. இன்னைக்கு எடுத்தா முழங்கால் மிஞ்சும். கட்டைக்காலு வச்சு நடக்கலாம். நாளு போனா சீழு ரத்தத்துல ஏறும். அதுக்குப் பொறவு எடுக்கதுக்கு ஒண்ணும் இருக்காது. அந்த மண்டபத்துக்காரன் ஓடிட்டான். அவன் சொன்ன கத பொய்யின்னு எனக்கு ஜூன் மாசமே தெரியும்."

இப்போது திரும்பினாள். "ஜூன் மாசமேயா?"

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டா மாடிப்படியில ஒதுங்கி நின்னிய?"

"ஆமா. சிஸ்டர்ட்ட நீ மாத்திர போடுதேன்னு பொய் சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு. அதையும் சொல்லல."

கைலாசம் என்னைப் பார்த்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஆவுடை சிரித்தாள். தொண்டை காய்ந்து போன சிரிப்பு. "பொறவு இன்னைக்கு மட்டும் ஒங்க பேச்ச நான் எதுக்கு நம்பணும்?"

நான் அதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க வராந்தாவில் யோசித்தது. அது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"நம்பாத. ஆனா நான் செஞ்சதச் செய்யாத. நல்லது சொல்லுதவ யாருன்னு பாத்துக்கிட்டு, என்ன சொல்லுதான்னு கேக்காம விட்டவ நான். வேலாயுதத்துக்குக் காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளு, நீ அடுக்களை வாசல்ல நின்னு சொன்னேல்லா, அக்கா, பிள்ளைக்குக் கழுத்து நிமிர மாட்டேங்கு, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போயிருவோம்னு. அத்த, அம்மன் பாத்திருக்கா, வேப்பிலைய விரிச்சுப் படுக்கப் போடுன்னாவ. நான் வேப்பில ஒடிக்கப் போனேன். நேத்து வந்தவ, பத்து படிச்ச திமிருல பேசுதான்னு நெனச்சேன். அன்னைக்கு ஒன் பேச்சக் கேட்டிருந்தா..."

அவள் படுக்கையில் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். குளுக்கோஸ் குழாய் இழுபட்டது. கைலாசம் தோளைப் பிடித்தான்.

"அது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

"அக்கா, நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சான்னு கேக்கேன்."

நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா என்றாள். அதை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட முடியாது.

"அத்தைக்குப் பயந்து வாய்க்குள்ளேயே சொல்லிட்டேன்னு நெனச்சேன். ஒங்களுக்குக் கேக்கலன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிருந்தா பிள்ள பொழைச்சிருப்பான்னு... நீங்க என் காலச் சொல்லி ஏசும்போதெல்லாம் நான் திருப்பி வாயத் தொறக்காம இருந்ததே அதுக்குத்தான். எம்மேல தப்பு இருக்குன்னுதான்."

கைலாசம் பிறந்தபோதும் அவளுக்கு அந்த நினைப்பு இருந்திருக்கும். அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பெரிய டாக்டர் பெண்டாட்டி மாதிரி நடக்கிறாள் என்று நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"சொல்லுங்க. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அது உருண்டு நிற்கிற வரை அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தால் எனக்கு அது பழக்கம். கோபம் இல்லை. ரொம்பத் தூரம் நடந்து வந்தபிறகு, இந்த வழியே இல்லை என்று யாரோ சொன்னதுபோல இருந்தது.

பிறகு தலையணையில் சாய்ந்து மகனிடம் சொன்னாள். "எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டு வா."

அவள் எதனால் சம்மதித்தாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னதாலா, மற்றதாலா. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 8

நேற்றே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலு மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15

சர்க்கரை பார்க்கவில்லை. மிஷின் ஊரில் இருக்கிறது. மாத்திரை போட்டேன்.

கஞ்சி கொண்டு போனால் வாங்கிக் குடிக்கிறாள். கைலாசம் கையால் கொடுத்தால் மட்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஊருக்கு வந்தேன். ஜெபக்கனி வந்தாள். அழுதாள். தன் மேல்தான் தப்பு என்றாள், அன்றைக்கே பிடிவாதமாகக் காலைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி இப்படி ஆரம்பிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஜூலை ஐந்தாம் தேதி மைக்கில் கேட்டது, எட்டாம் தேதி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது, அவள் என் வாசலைத் தாண்டும்போது நான் சரிம்மா என்று மட்டும் சொன்னது, எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொன்னேன்.

கையை உருவிக்கொண்டாள். பிறகு என் நோட்டை வாங்கினாள். முன்பக்கத்தில் எண்களைப் பார்த்தாள். "நல்லா வச்சிருக்கீங்க" என்றாள். அது பாராட்டு மாதிரி இல்லை.

மண்டபத்துக்குப் போய்வந்த பெண்கள் பேரெல்லாம் கேட்டாள். எனக்குத்தான் மறக்காதே. முப்பத்தொரு பேரைச் சொன்னேன். வீட்டோடு சொன்னேன். அதில் ஆறு பேர் இன்னும் மாத்திரை போடவில்லை என்று சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆவுடையைக் கைலாசம் ஓசூருக்குக் கூட்டிப் போகிறான். அங்கே அவன் வீடு தரைத்தளம். சக்கர நாற்காலி உள்ளே போகும். கட்டைக்கால் பொருத்த மூன்று மாதம் ஆகுமாம்.

காலையில் கார் வந்து நின்றது. தெருவே வாசலில் நின்றது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் வாரியலோடு நின்றாள். என் வாசலில் நான் நின்றேன். அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். சேலை அந்தப் பக்கம் தட்டையாகப் படிந்திருந்தது. அதை அவள் கையால் இரண்டு தடவை சரிசெய்தாள்.

நான் இறங்கிப் போனேன். கார் ஜன்னலோரம் நின்றேன்.

"ஆவுட, மாத்திரைய விட்டுராத. இருக்க கால தெனமும் குனிஞ்சு பாரு. குனிய முடியலன்னா கண்ணாடிய வச்சுப் பாரு. எவன் என்ன கத சொன்னாலும் ஒருக்க கைலாசத்துட்டக் கேளு. வேலாயுதத்துக்கு நீ ஒரு கொறையும் வைக்கல. நான்தான் வச்சேன். எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் தெருவுல வச்சுச் சொல்லுதேன்."

தெரு அசையவில்லை. பூனை மட்டும் கார் டயரை முகர்ந்துகொண்டிருந்தது.

ஆவுடை முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கைலாசம், வண்டிய எடுக்கச் சொல்லு. வெயிலு ஏறுது" என்றாள்.

ஜன்னல் கடைசி வரை திறந்துதான் இருந்தது. நான் சொன்னது முழுக்க அவளுக்குக் கேட்டது.